ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அதிலிருந்து திருவையாற்றுக் கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “ரெஜிஸ்ட்ரியில ஒரு எண்ணைப் போட்டா பழைய மெஷின்லயே 11 ஏறிடுமாமே?” அப்படி ஒரு வேல்யூ இருப்பது உண்மைதான். ஒரு காலத்தில் மைக்ரோசாப்ட்டே அதைத் தன் உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது. ஆனால் தகுதியில்லாத மெஷினில் 11 ஏற்றினால் அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. கணக்கு வழக்கு வைத்திருக்கும் மெஷினுக்கு அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

எனக்குப் பதைப்பாக இருப்பது கேள்விக்குப் பின்னால் இருக்கும் அவசரம். வீடியோ ஒன்றைப் பார்ப்பது, ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜ்எடிட்டைத் திறப்பது, சொன்ன இடத்தில் சொன்ன எண்ணைப் போடுவது, அவ்வளவுதான் வேலை என்று நினைக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரியைத் தொடவே கூடாது என்று பயமுறுத்துகிற கட்சியில் நான் இல்லை. தொடலாம். சில வேலைகளுக்குத் தொட்டே ஆகவேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன்பே திரும்பி வரும் வழியை அமைத்துக்கொள்ள வேண்டும், அந்த வழி உண்மையிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வழிதானா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், ரெஜிஸ்ட்ரி என்பது என்ன? பழைய விண்டோஸில் ஒவ்வொரு புரோகிராமும் தன் அமைப்புகளைத் தனித்தனி ஐஎன்ஐ கோப்புகளில் எழுதி வைத்தது. நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சின்ன அளவில் தொடங்கியது. என்டி-யும் விண்டோஸ் 95-உம் வந்தபோது அதுவே மொத்த அமைப்புக்கும் நடுநாயகமாகிவிட்டது. இப்போது விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்ற கோப்புகள் இருக்கின்றன. இவற்றுக்குத்தான் ஹைவ் என்று பெயர். இவை போக ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் ஃபோல்டரில் என்டியூசர் டாட் டேட் என்று ஒன்று மறைந்து கிடக்கும். ரெஜ்எடிட்டில் இடது பக்கம் மரம்போல விரிவது இந்தக் கோப்புகளின் உள்ளடக்கம்தான்.

அந்த மரத்தில் நமக்கு அடிக்கடி வேலை வருவது இரண்டு கிளைகளில். ஒன்று ஹெச்கீ கரன்ட் யூசர், இன்னொன்று ஹெச்கீ லோக்கல் மெஷின். எங்கள் பக்கத்து ஆட்களிடம் மதகை வைத்துச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். கரன்ட் யூசர் என்பது உங்கள் வயல் மடை; திறந்தாலும் அடைத்தாலும் உங்கள் நடவோடு போயிற்று. லோக்கல் மெஷின் என்பது ஆற்றுத் தலைப்பில் இருக்கும் மதகு. அங்கே ஷட்டரைக் கொஞ்சம் ஏற்றினாலும் கடைமடை வரைக்கும் தெரியும். ஒரே அமைப்பை இரண்டு இடத்திலும் வைக்கலாம் என்றால் கரன்ட் யூசரிலேயே வையுங்கள். தவறினால் இன்னொரு பயனராக உள்ளே நுழைந்து சரிசெய்யலாம். லோக்கல் மெஷினில், அதுவும் சிஸ்டம் கிளைக்குள் தவறினால், மெஷின் எழுந்திருக்காமலே போகலாம்.

ரெஜ்எடிட்டின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வேர்டிலோ எக்செல்லிலோ வேலை பார்த்துப் பழகிய கை, ‘சேவ் பண்ணாமல் மூடிவிட்டால் போயிற்று’ என்ற நம்பிக்கையில் இருக்கும். இதில் சேவ் என்ற பேச்சே கிடையாது. ஓகே அழுத்திய கணமே மாற்றம் நடந்துவிடும். கன்ட்ரோல் இசட் உங்களைக் காப்பாற்றாது. நீக்கியது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தை மாதத்தில் எங்கள் ஊர் அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தியாகராஜர் ஆராதனை, அதை ஒட்டிய வரவேற்பு பேனர்கள், கூடவே கல்யாணப் பத்திரிகைகள். அப்படி ஒரு நாள் காலையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார்.

“தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன். ஏத்துக்கவே மாட்டேங்குது. பத்திரிகை வேலை அப்படியே நிக்குது.”

“அண்ணே, பாஸ்வேர்டு அடிக்கிற கட்டத்துலயே கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

“அட, எல்லாம் தமிழ்ல விழுதே தம்பி!”

தமிழ் 99 விசைப்பலகை. ஹெச் தட்டினால் க, கே தட்டினால் ம, எல் தட்டினால் த. திரையில் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால் இது வெளியே தெரியவே தெரியாது. லாகின் திரையின் வலது மூலையில் மொழியின் சுருக்கெழுத்து இருக்கும், அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னேன். உள்ளே போய்விட்டார். மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி தமிழ்.

நேரில் போய்ப் பார்த்தபோது கதை தெரிந்தது. அவருடைய அக்கா பையன் கல்லூரியில் படிக்கிறவன், கெட்டிக்காரன். எல்லாப் பயனருக்கும் தமிழ் 99 முதலில் வரட்டும் என்று இணையத்தில் கிடைத்த ரெஜ் கோப்பு ஒன்றை இரட்டைச் சொடுக்கில் ஏற்றியிருக்கிறான். ஏற்றுவதற்கு முன் பேக்அப்பும் எடுத்திருக்கிறான்! பிரச்சினை என்றதும் அந்த பேக்அப்பையும் திரும்ப ஏற்றியிருக்கிறான். ஆனால் சரியாகவில்லை. பையன் திகைத்துப்போய் நின்றான். அவன் செய்த காரியத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பேக்அப் எடுத்தவனே இந்தத் தெருவில் அவன் ஒருவன்தான்.

என்ன நடந்தது என்று அவனை உட்காரவைத்துக் காட்டினேன். கரன்ட் யூசருக்குள் கீபோர்ட் லேஅவுட் என்று ஒரு கீ (மரத்தில் ஃபோல்டர்போலத் தெரிவது), அதற்குள் பிரீலோட் என்று ஒன்று, சப்ஸ்டிட்யூட்ஸ் என்று ஒன்று. பிரீலோடில் 1, 2 என்ற பெயர்களில் மொழி எண்கள் வரிசையாக இருக்கும். 1-இல் இருப்பதுதான் தொடக்க மொழி. இந்திய ஆங்கிலம் 00004009, தமிழ் 00000449. தமிழ் என்றதும் விண்டோஸ் எடுப்பது வேறொரு பழைய விசை அமைப்பு. அதற்குப் பதில் தமிழ் 99 வேண்டும் என்றால் சப்ஸ்டிட்யூட்ஸ் கீயில் 00000449 என்ற பெயருக்கு எதிரே 00020449 என்று இருக்கும். இதெல்லாம் உள்ளே நுழைந்த பயனருக்கான ஏற்பாடு. நுழைவதற்கு முன் தெரியும் லாகின் திரைக்கு இதே அமைப்பின் இன்னொரு பிரதி ஹெச்கீ யூசர்ஸ் கிளைக்குள், டாட் டிஃபால்ட் என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்து, புதிதாக உருவாக்கும் பயனர்களுக்கான மாதிரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது விண்டோஸின் சொந்த சிஸ்டம் கணக்குக்கு உரியது.

இணையத்தில் கிடைத்த கோப்பு இரண்டு இடத்தையும் மாற்றியிருந்தது. பையன் பேக்அப் எடுத்தது கரன்ட் யூசர் பிரீலோடை மட்டும். லாகின் திரை திருந்தாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. பேக்அப் எடுத்த இடமாவது சரியாகத் திரும்பியதா என்று திறந்து பார்த்தோம். பழைய பிரீலோடில் ஒரே வரிதான்: 1 எதிரே 00004009. ஏற்றிய கோப்பு அதை 1 எதிரே தமிழ், 2 எதிரே ஆங்கிலம் என்று ஆக்கியது. பேக்அப்பை ஏற்றிய பிறகு 1 எதிரே ஆங்கிலம் வந்துவிட்டது. 2 எதிரேயும் அதே ஆங்கிலம் இன்னும் உட்கார்ந்திருந்தது! சப்ஸ்டிட்யூட்ஸில் சேர்ந்த வரியும் அப்படியே.

ரெஜ் கோப்பை ஏற்றுவது என்பது பழைய நிலையைக் கொண்டுவருவது ஆகாது. கோப்பில் இருக்கும் வரிகளை இருப்பதோடு சேர்க்கும், ஒரே பெயர் இருந்தால் மேலெழுதும். நடுவில் புதிதாக வந்து சேர்ந்தவற்றை அது தொடவே தொடாது. ஆகவே நீங்கள் செய்தது ‘இருந்த வேல்யூவை மாற்றியது’ என்றால் பேக்அப் கோப்பு போதும். ‘இல்லாத வேல்யூவைச் சேர்த்தது’ என்றால் பேக்அப் கோப்பு அதை நீக்காது, நீங்கள்தான் கையால் நீக்க வேண்டும். அல்லது நீக்குவதற்கென்றே ஒரு ரெஜ் கோப்பு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: வேல்யூவின் பெயருக்குப் பின் சமன் குறி, அதையடுத்து ஒரு கழித்தல் குறி. ஒரு கீயையே நீக்க வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் பாதைக்கு முன்னால் கழித்தல் குறி. இந்தக் கழித்தல் குறியை இணையத்தில் இறக்கிய கோப்புகளிலும் தேடிப் பாருங்கள். இரட்டைச் சொடுக்கு செய்வதற்கு முன் வலது சொடுக்கில் எடிட் கொடுத்தால் நோட்பேடில் திறக்கும். சதுர அடைப்பு திறந்ததும் கழித்தல் குறி இருந்தால், அந்தக் கீயும் அதற்குக் கீழே உள்ள மொத்தக் கிளையும் போகப்போகிறது என்று அர்த்தம்.

அதனால் எக்ஸ்போர்ட் செய்வதோடு நான் நிறுத்துவதில்லை. ஒரு நோட்டில் எழுதுவேன்: தேதி, மெஷின், முழுப் பாதை, வேல்யூவின் பெயர், வகை, முன்பு இருந்தது, இப்போது போட்டது. முன்பு இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுவேன். அந்த ‘இல்லை’ தான் பிற்பாடு உதவுகிற தகவல், எந்த எக்ஸ்போர்ட் கோப்பிலும் அது இருக்காது. நோட்டு காகிதத்தில் இருப்பது நல்லது. மெஷின் எழாமல் போனால் டெஸ்க்டாப்பில் எழுதி வைத்த குறிப்பு யாருக்கு உதவும்?

அச்சகத்து வேலை எப்படி முடிந்தது என்றால், ரெஜிஸ்ட்ரியில் கையே வைக்காமல். செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைச் சுத்தம் செய்து ஆங்கிலம் மட்டும் இருக்கும்படி வைத்தேன். பழைய கன்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து, அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவலில் காப்பி செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி, வெல்கம் ஸ்கிரீனுக்கு டிக் போட்டேன். லாகின் திரைக்கும் அதே ஆங்கிலம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அண்ணனுடைய கணக்குக்கு மட்டும் தமிழ் 99-ஐச் சேர்த்துக் கொடுத்தேன். இப்போதைய விண்டோஸ் மொழிப் பட்டியலை இன்னொரு இடத்திலும் வைத்திருக்கிறது. பிரீலோடை மட்டும் கையால் திருத்தினால் சில சமயம் அது திரும்ப மாறிவிடும். செட்டிங்ஸிலோ கன்ட்ரோல் பேனலிலோ ஒரு பொத்தான் இருக்கிறதென்றால் அது சம்பந்தப்பட்ட எல்லா இடத்தையும் சேர்த்து மாற்றும். அதைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று உறுதியான பிறகு ரெஜ்எடிட்டைத் திறந்தால் போதும்.

எண் போடும் இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, உதாரணத்தோடு சொல்கிறேன். அச்சகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பென் டிரைவோடுதான் வருவார்கள். 2008-இல் கான்ஃபிக்கர் கிருமி பரவிய வழிகளில் ஒன்று பென் டிரைவின் ஆட்டோரன். 2011-இல் மைக்ரோசாப்ட் ஒரு அப்டேட்டில் பென் டிரைவுகளுக்கு ஆட்டோரன்னை நிறுத்தியது. ஆனால் பேஜ்மேக்கருக்காகவே ஓரமாக ஒரு எக்ஸ்பி மெஷினை வைத்திருக்கும் அச்சகங்கள் இன்னமும் உண்டு, அவற்றில் இதைக் கையால் நிறுத்துவது நல்லது. பாலிசீஸ் கீக்குள் எக்ஸ்புளோரர், அதில் நோ டிரைவ் டைப் ஆட்டோரன் என்ற டிவேர்ட் வேல்யூ. எல்லா வகை டிரைவுக்கும் நிறுத்த அதில் 255 போடவேண்டும்.

இங்கேதான் தடுக்கும். வேல்யூவைத் திறந்தால் வலது பக்கம் இரண்டு வட்டங்கள் இருக்கும்: ஹெக்ஸாடெசிமல், டெசிமல். ஆரம்பத்தில் தேர்வாகி இருப்பது ஹெக்ஸாடெசிமல். அப்படியே விட்டு 255 என்று தட்டினால் மெஷினுக்குப் போய்ச் சேரும் எண் 597! முதலில் டெசிமல் வட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு 255 தட்டுங்கள், அல்லது ஹெக்ஸில் எஃப் எஃப் என்று தட்டுங்கள். ஓகே கொடுத்த பிறகு பட்டியலில் அந்த வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 255 என்று தெரிந்தால்தான் சரி. ‘நோ’, ‘டிசேபிள்’ என்று தொடங்கும் பெயர்களிலும் நிதானம் வேண்டும். அவற்றில் 1 போட்டால் அந்த வசதி நிற்கும், 0 போட்டால் ஓடும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு. அச்சகங்களில் ஃபோல்டர் பெயரே ‘கல்யாணப் பத்திரிகை’, ‘காதணி விழா’ என்றுதான் இருக்கும். அந்தப் பாதைகள் ரெஜிஸ்ட்ரியில் பதிந்திருக்கும் கிளையை எக்ஸ்போர்ட் செய்தால், ரெஜ்எடிட் அதை யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் சேமிக்கும், தமிழ் பத்திரமாக இருக்கும். அதை நோட்பேடில் திறந்து ஒரு வரி திருத்தி ஆன்ஸியில் சேமித்தீர்களானால் தமிழ் எழுத்து எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். புதிதாக ஒரு கோப்பை நீங்களே எழுதினால் இன்றைய நோட்பேட் தானாகச் சேமிப்பது யுடிஎஃப்-8. அதையும் ரெஜ்எடிட் தமிழாகப் படிக்காது, கண்ட எழுத்துகளாக்கி உள்ளே தள்ளிவிடும். சேவ் ஆஸ் கொடுத்து, கீழே குறியாக்கம் என்ற இடத்தில் யுடிஎஃப்-16 எல்இ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியிலேயே விண்டோஸ் 9எக்ஸ் வடிவம் என்று இன்னொரு வகையும் காட்டும். தமிழ் இருக்கும் கிளைக்கு அது கூடவே கூடாது.

எழுத்துரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. விண்டோஸ் மெனு எழுத்தை அழகாக்குகிறேன் என்று ஃபான்ட் சப்ஸ்டிட்யூட்ஸ் கீயில் சீகோ யுஐ எதிரே வேறு எழுத்துருவின் பெயரைப் போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அச்சகத்து மெஷினில் யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள் நிறைய இருக்கும். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அவற்றில் ஒன்றின் பெயரை அங்கே போட்டுவிட்டால் மெனு, பொத்தான், எச்சரிக்கைப் பெட்டி எல்லாமே படிக்க முடியாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். எது ஓகே எது கேன்சல் என்று தெரியாமல் எப்படித் திரும்பி வருவது? யூனிகோட் தமிழுக்கு விண்டோஸ் 2000-இலிருந்து லதா இருக்கிறது, 8-இலிருந்து நிர்மலா யுஐ இருக்கிறது. மெனுவில் தமிழ் தெரிய ரெஜிஸ்ட்ரியைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் மென்பொருள்களைப் பற்றி ஒரே வரி: போடாதீர்கள். அவற்றை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதில்லை, அவை அள்ளுகிற சில நூறு வரிகளால் எந்த மெஷினும் வேகம் பிடித்து நான் பார்த்ததில்லை. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேகம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடு என்பதுதான்.

இனி, மெஷினே எழாமல் போனால் என்ன செய்வது?

முதல் பாதுகாப்பு ரெஸ்டோர் பாயின்ட். சிஸ்டம் புரொடக்‌ஷன் பல மெஷின்களில் ஆஃப் ஆகவே கிடக்கும். அதை ஆன் செய்து, மாற்றம் செய்யும் முன் கிரியேட் கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அது ரெஜிஸ்ட்ரியையும் சிஸ்டம் கோப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் வடிவமைப்புக் கோப்புகளை, போட்டோக்களை அது காப்பாற்றாது, அவற்றுக்குத் தனியாக வெளி டிஸ்க்கில் நகல் வேண்டும். ‘விண்டோஸே தானாக ரெஜ்பேக் என்ற ஃபோல்டரில் நகல் வைத்திருக்கும்’ என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. ஃபோல்டர் இருக்கும், கோப்பும் இருக்கும், அளவு பூஜ்யம் என்று காட்டும். நம்பி இறங்காதீர்கள்.

இரண்டாவது, ரெக்கவரி திரையிலிருந்து கமாண்ட் பிராம்ட் திறந்து அங்கேயே ரெஜ்எடிட் என்று தட்டுவது. அப்போது திரையில் தெரிவது உங்கள் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி அல்ல, ரெக்கவரியின் சொந்த ரெஜிஸ்ட்ரி. இதைக் கவனிக்காமல் அதிலேயே திருத்திவிட்டு ‘மாற்றியும் சரியாகவில்லை’ என்பார்கள். லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, உங்கள் டிஸ்க்கில் உள்ள கான்ஃபிக் ஃபோல்டருக்குப் போய்க் கோப்பைத் திறக்க வேண்டும். டிரைவ் எழுத்து அங்கே சி என்றே இருக்கும் என்று சொல்ல முடியாது. சிஸ்டம் கோப்பைத் திறந்தால் கரன்ட் கன்ட்ரோல் செட் என்ற கீயைத் தேடாதீர்கள், ஓடாத ஹைவில் அது இருக்காது. செலக்ட் என்ற கீயில் கரன்ட் எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் கன்ட்ரோல் செட் 001-தான் நீங்கள் திருத்த வேண்டியது. அச்சகத்து அண்ணனின் லாகின் மூலையில் மொழிச் சுருக்கம் இல்லாமல் போயிருந்தால், இதே வழியில் டிஃபால்ட் என்ற ஹைவை ஏற்றி அதன் பிரீலோடைத் திருத்தியிருப்பேன். முடித்ததும் அன்லோட் ஹைவ் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் இந்த ரெக்கவரி வழி 48 இலக்க எண்ணைக் கேட்கும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு ஆன் ஆகியிருக்கிறது. எண் அவர் மெஷினை முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் கிடக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கடைக்காரப் பையன் போட்டது, அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரெஜ்எடிட்டைத் திறக்கும் முன்பே இந்த எண்ணைத் தேடி எடுத்து அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.

கரன்ட் போகும் நேரம் பார்த்து வேலை செய்யாதீர்கள். ஹைவ் கோப்புகளோடு லாக்1, லாக்2 என்று துணைக் கோப்புகள் இருக்கின்றன. பாதியில் நின்றால் அடுத்த தொடக்கத்தில் விண்டோஸ் அவற்றை வைத்துச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும், பெரும்பாலும் சரியும் செய்துவிடும். இருந்தாலும் யுபிஎஸ் இல்லாத மெஷினில் நான் இந்த வேலையைத் தொடங்குவதில்லை. மாற்றிய பிறகு ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்து பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுனில் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகப் படிக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், பிறகு அடுத்தது.

ஹைவை வெளியிலிருந்து ஏற்றும் முறையை ஸ்கிரீன்ஷாட்டுகளோடு தனிப் பதிவாக எழுதச் சொல்லி அச்சகத்துப் பையனே கேட்டிருக்கிறான். ஆராதனை வேலைகள் முடிந்ததும் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் மெஷினில் சிஸ்டம் புரொடக்‌ஷன் ஆன் ஆகியிருக்கிறதா, பிட்லாக்கர் எண் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கடைப்பக்கம் வாருங்கள், நோட்டைக் கொண்டு வாருங்கள்.